ஆட்சென்ஸ் அண்ணா

ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இறங்கும். சானமாவு காட்டுக்கு வந்து முகாம் போட்டுவிட்டால் சுற்றுவட்டார ஊர்களில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. எங்கள் ஆட்சென்ஸ் அண்ணாவுக்கும் இருக்காது. மற்றவர்கள் பயத்தில் விழித்திருப்பார்கள், அவர் சந்தோஷத்தில். யானை வந்தால் அவருக்கு ட்ராஃபிக்.

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மிச்ச நேரத்தில் சொந்தமாக ஒரு செய்தித் தளம். இந்த ரகத்து ஆளை இந்தப் பக்கம் எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். பேச்சுக்கு நடுவே கட்டைவிரல் போனை ஒருமுறை கீழே இழுத்துவிடும். முகம் வாடினால் "ஆர்பிஎம் படுத்துருச்சுப்பா" என்பார். ஆயிரம் முறை பக்கம் திறந்தால் எவ்வளவு வருகிறது என்ற கணக்கு அது. புரியாதவர்கள் உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, நல்ல டாக்டர் பெயர் சொல்வார்கள்.

2018 பிப்ரவரியில், தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழையும் சேர்த்துக்கொண்டது. அதைத் தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்று மற்றவர்கள் சொன்னபோது, தனக்குக் கிடைத்த மரியாதை என்று அண்ணா எடுத்துக்கொண்டார். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் நம்பர் வரும். அது வரும்வரை போஸ்ட்மேனுக்கு அவர் வீட்டில் தினமும் காபி. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பது கவர் வந்த பிறகுதான் உறைத்தது. காபி நின்றுவிட்டது.

நூறைச் சீக்கிரம் தொட என்ன வழி என்று தேடிய அண்ணாவுக்கு, "ஒரே விளம்பர நிறுவனத்தை நம்பாதே" என்று யாரோ ஒரு வீடியோவில் ஓதிவிட்டார். யோசனை தப்பில்லை. ராயக்கோட்டை தக்காளி மண்டி ஏலத்தில் ஒரே வியாபாரி நின்றால் அவர் சொன்னதுதான் விலை, நாலு பேர் நின்றால் கூடை நல்ல விலைக்குப் போகும். பெரிய தளங்கள் செய்வதும் இதைத்தான். ஒருவர் பக்கத்தைத் திறந்த கணத்தில் காலி விளம்பர இடத்தைப் பல நெட்வொர்க்குகளிடம் ஒரே நேரத்தில் ஏலம் விடும், அதிகம் கேட்டவருக்கு இடம். ஆனால் அங்கே வாசகர்கள் லட்சக்கணக்கில். அண்ணாவின் மண்டிக்கு வருவதோ அரைக்கூடைத் தக்காளி.

அதை ஏலம் விட ஐந்து நெட்வொர்க் சேர்த்தார். தளத்தின் இடத்தை விற்க யார் யாருக்கு உரிமை என்று எழுதி வைக்க ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் துணை ஏஜென்டுகள் பட்டியலை அதில் ஒட்டச் சொல்லும். இதுவரை அண்ணா எழுதிய யானைச் செய்திகளை எல்லாம் கூட்டினாலும் அந்தக் கோப்பின் நீளம் வராது. அடுத்தது, அடிமட்ட விலை. "அமெரிக்காக்காரன் பாத்தா இவ்வளவுக்குக் குறைஞ்சு விக்க மாட்டேன்" என்று ஒரு தொகையைப் போட்டார். கேட்க ஆளில்லாமல் இடம் காலியாகக் கிடந்தது. அதையும் கௌரவமாகவே பார்த்தார்.

இப்போது பக்கம் எப்படி இருக்கிறது என்றால், தலைப்பு, விளம்பரம், யானை படம், விளம்பரம், ஒரு வாக்கியம், விளம்பரம். தானியங்கி விளம்பரத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டோ என்று எனக்குச் சந்தேகம். ஒற்றைக் கொம்பன் படத்துக்குக் கீழேயே "பத்தே நாளில் தொப்பை குறைய" என்று வந்தது.

ஒரு ராத்திரி பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் போனில் கத்தினார்.

"தம்பி, யானை எந்தப் பக்கம் வருதுன்னு போட்டிருக்கியாமே, எங்கப்பா இருக்கு?"

"ரெண்டாவது பக்கத்துல இருக்கு பெரியப்பா. கீழ 'மேலும் படிக்க'ன்னு இருக்கும், அமுக்குங்க."

"அமுக்குனா சோபா விக்கிறான்ப்பா!"

"அதை மூடிட்டு மறுபடி அமுக்குங்க. மூடுற எக்ஸ் ரொம்பச் சின்னதா, ஓரமா இருக்கும்."

பெரியவர் எக்ஸைத் தேடி முடிப்பதற்குள் யானை அவர் ராகியை முடித்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால், அவர் சோபாவை அமுக்கியதில் அண்ணாவுக்குச் சில பைசா சேர்ந்திருக்கும். அண்ணா தானே அமுக்க முடியாது. சொந்த விளம்பரத்தைத் தொட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள் என்பதால், தன் தளத்தைத் திறக்கும்போது ஒற்றை விரலை மட்டும் நீட்டி, மற்றதை மடக்கிக்கொள்வார்.

இத்தனைக்கும் பணம் வரவில்லை. காரணம் எளிது, அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. ஒவ்வொரு நெட்வொர்க்கும் தனித்தனியாக ஒரு எல்லை வைத்திருக்கிறது, அதைத் தொட்டால்தான் பட்டுவாடா. ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் எப்போதோ தாண்டியிருக்கும் தொகை, ஐந்து இடத்தில் பிரிந்து ஐந்திலும் எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கிறது.

அண்ணாவின் அம்மாவும் தூங்குவதில்லை. டார்ச்சும் வெடியுமாகக் கொல்லையில் காவல். நம் ராத்திரி அமெரிக்காவுக்குப் பகல் என்பதால் மகன் திண்ணையில் லேப்டாப்போடு காவல்.

"இந்த மாசமாச்சும் வருமாடா?"

"நூத்திப்பத்து டாலர் இருக்கும்மா."

"எங்கடா இருக்கு?"

"அஞ்சு எடத்துல."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அண்ணாவே தொடர்ந்தார்.

"ஆறாவதா ஒண்ணு புடிச்சிருக்கேன்மா. அங்க அஞ்சு டாலர் ஆனாலே குடுத்துருவாங்களாம்."

"குடுத்தா நேரா வெடிக்கடைக்குப் போ. நேத்தே தீந்துபோச்சு, இப்ப தகரத்தைத் தட்டிக்கிட்டுக் கெடக்கேன்."