பை கிளம்புகிறது, பையன் போய்ச் சேரவில்லை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது மட்டம் போட்டுவிடுகிறான். நாலு அடி போட்டால் திருந்துவானா?
– ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. அடித்தால், பள்ளிக்கு மட்டம் போடுகிறவன் வீட்டுக்கும் மட்டம் போடுவான்!

எந்தெந்த நாள் போகவில்லை என்று காலண்டரில் ஒரு மாதம் குறித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமையாகவே விழுந்தால், அன்று முதல் பீரியட் என்ன என்று பாருங்கள். கணக்குப் பாடம் புரியாமல் இருக்கலாம். பஸ்ஸில் யாராவது வம்பிழுக்கலாம். வகுப்பில் எழுப்பி நிறுத்திய அவமானம் நெஞ்சில் கிடக்கலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுப்பது பசி என்று புரிந்துகொண்ட காமராஜர், 1956-ல் மதிய உணவு போட்டார். 2022-ல் காலை உணவும் வந்தது. காரணத்தைத் தொட்டால்தான் கால்கள் பள்ளிப் பக்கம் திரும்பும்.

வகுப்பாசிரியரின் போன் நம்பரை வாங்கி வையுங்கள். வராத அன்றே தகவல் தரச் சொல்லுங்கள். ராத்திரி சோறு போடும்போது, “ஏன்டா போகலை?” என்று அதட்டாமல், “வகுப்புல யார் பக்கத்துலடா உட்கார்ற?” என்று கேளுங்கள். இரண்டாவது கரண்டி குழம்பு ஊற்றுவதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும்.