சிறிய ஸ்பீக்கரும் மேலே விரித்த துணியும்: உடையோர் கருத்துகள் பற்றிய ஒரு பேராய்வு

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், மூவாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே விலை கொடுத்து வாங்கப்பட்டு, நம் வீடுகளின் டிவி ஸ்டாண்டிலும் கம்ப்யூட்டர் மேசையிலும் பீரோ உச்சியிலும் குடியிருக்கும் சிறிய ஸ்பீக்கர்களைப் பற்றி, அவற்றை உடையோர் சொல்லும் கருத்துகளைத் தொகுத்தும் விரித்தும் இயன்றவரை குழப்பியும் உரைத்தல் நுதலிற்று. வழிநூல் செய்யும் வகை நான்கு என்பது தொல்காப்பியர் கணக்கு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். குழப்புதல் என்ற ஐந்தாவதைப் பிற்காலத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொண்டன.

இத்துறையில் தமிழில் முன்னாய்வு ஏதும் என் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை. நெறியாளருக்கு நன்றி. அவர் இதைப் படிக்கவில்லை, படிக்காமலே கையெழுத்திட்டார்.

முதலில் உடையோர் யார் என்பதை வரையறுத்தாக வேண்டும். காசு கொடுத்தவரா, ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவரா? சட்டம் முன்னவரைச் சொல்லும். வழக்காறோ, பிளக்கைப் பிடுங்கும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரே உடையவர் என்கிறது (எங்கள் வீட்டுத் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது). அக்கம்பக்கத்தார் உடையோர் அல்லர். ஆதலால் சுவரைத் தட்டி அவர்கள் தெரிவித்த கருத்துகள் விலக்கப்பட்டன.

இனி வாட். பழைய அட்டைப்பெட்டிகளில் பிஎம்பிஓ என்றொரு அளவு, பெட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். 1200 வாட் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 12 வாட். மீதி 1188 வாட் எங்கிருந்து வருகிறது என்பதைத் தத்துவத் துறையிடம் விட்டுவிடுகிறேன். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்று சாதிப்பது சற்காரியவாதம். பெட்டியை அச்சடித்தவர் அதற்கு எதிர்க்கட்சி என்று துணியலாம். பிஎம்பிஓவுக்கு உலகில் எங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை கிடையாது. தொடர்ந்து தாங்கக்கூடிய உண்மையான வாட்டை ஆர்எம்எஸ் என்ற பெயரில், பெட்டியின் அடிப்புறத்தில், தயாரிப்பு மாதத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள்.

ஆனால் உடையோர் அனைவரும் வாட்டை நம்புகிறார்கள். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்கு மாறிய ஒருவர், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றார் (மாடிப்படி நேர்காணல், அவர் இறங்கிக்கொண்டும் நான் ஏறிக்கொண்டும் இருந்தபோது). வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். ‘சத்தம் கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வாட் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். ஆக, மேற்படி மலையின் உயரம் மடுவிலிருந்து 3 டெசிபல்.

பேஸ் பற்றிய கருத்துகள் மூன்று தொகுதிகள் நிரம்பும். ‘நெஞ்சுல இடிக்குது’ என்பதே இங்கே உச்சப் பாராட்டு. மூன்று அங்குலக் கூம்பு எப்படி இடிக்கும்? பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வுக்குத் தள்ள வேண்டிய காற்று ஏராளம். தள்ளுகிற கூம்போ உள்ளங்கைக்குள் அடங்கும். 100 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஆனாலும் அந்தத் தந்தி கேட்டதாக உடையோர் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 41 வராவிட்டாலும் அதன் மடங்குகளான 123, 164, 205 வரிசையாக வந்து சேர்ந்தால், அடியில் 41 இருந்திருக்க வேண்டும் என்று மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கல்வெட்டில் எழுத்து சிதைந்த இடத்திலெல்லாம் தம் ஊர்ப் பெயரைப் படித்துவிடும் அறிஞர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பெட்டியின் பின்னால் ஒரு துளை இருக்கும். பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று வருமே, அதே தத்துவம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் அறியப்படுவது. துளையின் நீளமும் அகலமும் பெட்டியின் கொள்ளளவும் பொருந்தினால் கூம்பு தளரும் இடத்தில் துளை கைகொடுக்கும். நம் வீடுகளில் அது உண்டியலாகவும் பயன்படுகிறது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கியபோது ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு ஹேர்பின், பல்பத் துண்டு, பல்லி முட்டையின் ஓடு ஆகியவை வெளிவந்தன. நாணயம் உள்ளே இருந்தவரை பேஸ் ‘கிர்ர்’ என்று செழிப்பாக இருந்ததென்றும், எடுத்தபின் வெறிச்சோடிவிட்டதென்றும் உடையவர் வருந்தினார். திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

செட்டாதல் என்றொரு கோட்பாடும் உண்டு. புது ஸ்பீக்கர் சுமாராகத்தான் பாடும். ஓட ஓடச் செட்டாகிவிடும் என்பர். எல்லா ஸ்பீக்கரும் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிந்த மறுநாளே செட்டாகிவிடுவதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

எந்தப் பாட்டைப் போட்டுச் சோதிப்பது என்பதில் பள்ளிகள் பல. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வது மூத்தோர் பள்ளி. 1992இல் வந்த ‘ரோஜா’விலிருந்து தொடங்குவது அடுத்த பள்ளி. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தைப் போடச் சொல்வது அம்மாக்கள் பள்ளி. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும், அதுதான் அவர்கள் கேட்பது. மனிதக் குரலின் தெளிவு பெரும்பாலும் நடு அலைவரிசைகளில் இருப்பதால் சிறிய ஸ்பீக்கர் இந்தத் தேர்வில் தேறிவிடும். 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு பெட்டியை உருவாக்கிய பிபிசி பொறியாளர்களும் மனிதக் குரலையே முக்கியமான உரைகல்லாகக் கொண்டவர்கள். அம்மாக்கள் பள்ளியை அவர்கள் மேற்கோள் காட்டாதது வருந்தத்தக்கது.

இனி, துணி. இதைப் பின்னிணைப்பில் ஒரு பத்தியாக முடித்துவிடத்தான் எண்ணினேன். தரவு விடவில்லை.

தமிழ் வீட்டில் ஸ்பீக்கர் வந்து ஒரு வாரத்துக்குள் அதன் மேல் ஒரு துணி விழும். யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எதற்கு என்று கேட்டால் தூசிக்கு என்பார்கள் (அம்மா, சமையலறை உரைத்தொடர், இரண்டாம் விசில்). மூன்றாம் விசிலின்போது ‘அசிங்கமா இருக்கு, அதான்’ என்று சொன்னதாக ஒரு பாடபேதம் உண்டு. அதைக் குக்கரின் இடைச்செருகலாகவே கொள்ள வேண்டும். கள ஆய்வில் நான்கு துணிகள் கிடைத்தன. நைந்த வேட்டி தலையாயது: இழை தளர்ந்து காற்றுப் புகும்படி இருப்பதால் ஒலி ஏறக்குறைய அப்படியே கடந்துவிடும். ஈரிழைத் துண்டு இடைப்பட்டது. கடையானது டர்க்கி டவல். அதன் புசுபுசுவென்ற இழைகள் கீழ்ஸ்தாயியை விட்டுவிட்டு உச்ச அலைகளை மட்டும் விழுங்கும். ஜால்ரா போகும், சலங்கை போகும், ‘ஷ’, ‘ஸ’ இரண்டும் மழுங்கும், சஷ்டி கவசம் அட்டிக் கவசமாகிவிடும். நான்காவதான குரோஷா பின்னல் விரிப்பில் ஒலியைத் தடுக்க எதுவுமே இல்லை. அது உறவினர் வருகைக்கானது.

வேட்டி நைய நைய ஒலி தெளிவடையும் என்பதற்குச் சலவைச் சான்றும் உண்டு (சலவைக்காரர் கணக்கு நோட்டு, ‘வேட்டி 2, துண்டு 4’ என்ற பதிவு, பென்சில், பாதி அழிந்தது, ஒப்புநோக்குக: அதே வேட்டி, மறுசலவை). இதை மறுத்துத் துணியே கூடாது என்பார் உளர் (சித்தப்பா, கல்யாணப் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட காலம், மறுப்புக்கு மறுப்பு: சித்தி, அதே பந்தி, எதிர் வரிசை, இலையை மூடுவதற்குச் சற்று முன், இருவரும் பாயசத்தில் உடன்பட்டதாகப் பரிமாறியவர் குறிப்பு). சித்தப்பா சொன்னதில் ஒன்று மட்டும் மெய்: பின்பக்கம் ஆம்ப்ளிஃபயரின் சூடு வெளியேறும் உலோகத் தகடு இருந்தால் துணி அதை மூடக் கூடாது.

துணி ஆய்வை நகைப்போர் கவனிக்க. யமஹா 1978இல் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டு உபயோகத்துக்கென்று வெளியிட்டது. வீடுகளில் எடுபடாத அதை ஒலிப்பதிவுக் கூடங்கள் ஏற்றுக்கொண்டன. அதன் உச்ச அலைகள் காதைக் கீறின. எனவே பொறியாளர்கள் அந்த அலைகளை எழுப்பும் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டார்கள். எந்தப் பேப்பர், எத்தனை மடிப்பு, எவ்வளவு தள்ளி என்று சண்டை வந்தது. 1980களில் பாப் ஹோடாஸ் என்ற பொறியாளர் பல ரகப் பேப்பர்களைக் கருவி வைத்து அளந்து, துறை இதழில் கட்டுரையே எழுதினார். இந்தப் பத்தியில் என் கற்பனை எதுவும் இல்லை. இதற்குமேல் கற்பனை செய்ய எனக்குத் திறமையும் போதாது.

இதைவிடப் பெரிய துணி ஒன்று உண்டு. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் ஹார்மன் நிறுவனத்தில் நடத்திய சோதனையை 1994இல் வெளியிட்டார்கள். நான்கு ஸ்பீக்கர்கள், 40 பேர். எல்லாரும் அதே நிறுவனத்து ஊழியர்கள். முதலில் ஒலி புகும், பார்வை புகாத ஒரு திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துப் பாடவிட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு எது எதுவென்று கண்ணால் காணும்படி வைத்துப் போடச் சொன்னார்கள். நான்கில் ஒன்று பிளாஸ்டிக் உடம்பும் குறைந்த விலையும் கொண்ட சிறிய செட், நம் ஆய்வுப்பொருளின் பங்காளி. திரைக்குப் பின்னால் இருந்தவரை கௌரவமான மதிப்பெண் வாங்கிய அது, முகம் தெரிந்தவுடன் சரிந்தது. பெரிய, வழுவழுப்பான பெட்டிகள் ஏறின. பாட்டு அதேதான், காதும் அதேதான், நடுவில் துணி மட்டும் இல்லை. (கண்ணால் மதிப்பெண் போடும் மரபு நம்மிடமும் உண்டு. முனைவர் பட்ட ஏட்டை இரு கையாலும் தூக்கிப் பார்த்து, ‘நல்லா உழைச்சிருக்கீங்க’ என்று வைவாவை முடித்துவிடும் புறத்தேர்வாளர்களை நான் அறிவேன்.)

ஆக, அம்மா துணி போட்டது தூசிக்காக அன்று, சார்பற்ற மதிப்பீட்டுக்காக என்பது பெறப்பட்டது. அவரிடம் இதைச் சொன்னேன். ‘அதெல்லாம் இருக்கட்டும், அதைத் துவைச்சு ஒரு மாசம் ஆச்சு’ என்றார். ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பின் பெருமையை உணராமல் இருப்பதும் அறிவியலில் உண்டு.

இச்சோதனையை மொட்டை மாடி அறையில் மீண்டும் செய்து பார்த்தேன். மாடி வீட்டு அண்ணனின் செட் இரண்டாயிரத்துச் சொச்சம். அவர் மச்சினருடையது பதினெட்டாயிரம். அது அண்ணனுக்கு ஆறாத புண். கொடியில் ஒரு வேட்டியைக் கட்டி, பின்னால் இரண்டையும் வைத்து, சத்தத்தைச் சமமாக்கி, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். வலதுபக்கம் ஒரு தரம் நிமிர்ந்தார். இடதுபக்கம் ஒரு தரம் புருவத்தைச் சுருக்கினார். பாட்டு முடிந்தது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன்.

“தம்பி, முதல்ல எது என்னோடதுன்னு சொல்லு. அப்புறம் எது நல்லாருக்குன்னு சொல்றேன்.”

இத்துறையில் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான தரவு இதுதான். விலை, வாங்கிய நாள், யார் சொல்லி வாங்கினோம், வீட்டில் யாரிடம் பாதி விலை சொல்லி வைத்திருக்கிறோம் ஆகிய நான்கும் தெரியாமல் எந்த உடையவரும் வாய் திறப்பதில்லை. பதினெட்டாயிரம் கொடுத்த மச்சினர் தம் செட்டைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறையிருந்தால் அது பாட்டின் பதிவில் இருக்கும். இரண்டாயிரம் கொடுத்தவரோ தாராளமாகக் குறை சொல்வார், சொல்லிவிட்டு ‘இந்த விலைக்கு இது போதும்’ என்று முடிப்பார். முன்னதில் ஸ்பீக்கர் உடையவரைக் காப்பாற்றுகிறது, பின்னதில் விலை ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிறது. இரண்டிலும் ஒலி எங்கே வந்தது என்று தேடினேன். மச்சினர் வீட்டில் அதன் மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தார்கள்.

இரவல் கொடுத்தோர், கார் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானையில் பொருத்தியோர், புத்தக அலமாரி ஸ்பீக்கர் வாங்கிவிட்டு அலமாரி முழுக்கத் தம் சொந்த நூலின் விற்காத பிரதிகள் இருப்பதால் இடமின்றித் தவிக்கும் பேராசிரியர்கள் ஆகியோரின் கருத்துகளை வந்துழிக் காண்க.

மேலாய்வுக்கு நிதி கோரி விண்ணப்பம் தயார். ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மூவாயிரம் ரூபாய். நைந்த வேட்டி, செலவில்லை. ஸ்பீக்கரும் வேட்டியும் குறித்த இருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு, பேராளர் தங்குமிடம், மதிய உணவு, தொடக்க விழா, நிறைவு விழா, பொன்னாடை நாற்பது: மூன்று லட்சம். பொன்னாடைகள் வீண்செலவு என்று தணிக்கையாளர் எழுதக்கூடும். அவற்றைப் போர்த்திக்கொண்ட அறிஞர்கள் வாசலிலேயே மடித்துக் கொடுத்துவிட்டுப் போக ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஜரிகை கலந்த துணியை உச்ச அலைகள் எப்படிக் கடக்கின்றன என்பதை இன்னும் அளக்கவில்லை.