இக்கரைக்கு இக்கரையே பச்சை

ஊர் சுற்றிக் காட்டும் நண்பர்களில் பல ரகம் உண்டு. கோயில் வாசலில் நம்மை இறக்கிவிட்டு, “பார்த்துட்டு வாங்க, நமக்குப் பழகின இடம்” என்று காரிலேயே கண்ணயர்பவர் ஒரு ரகம். எந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றாலும், அதை இடிக்குமுன் அங்கே இருந்த கட்டடத்தைப் பற்றி மட்டுமே பேசுபவர் இன்னொரு ரகம். ஸ்விட்சர்லாந்தில், ரைன் நதிக்கரை நகரமான பாசலில், முதல் நாளே எனக்கு வாய்த்தவர்கள் எதிலும் சேராத ரகம். அவர்களுக்குக் ‘கரைக்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ரைன் அந்த ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. மேட்டில் இருப்பது பெரிய பாசல். எதிரே சமதரையில் சின்ன பாசல். நண்பர் பெரிய பாசல்காரர், அவர் மனைவி சின்ன பாசல்காரர். நம்மவர்களுக்கு இக்கரைக்கு அக்கரை பச்சை. கரைக்காரருக்கோ இக்கரைக்கு இக்கரையேதான் பச்சை. அக்கரை என்று ஒன்று இருப்பதையே, ஆற்றுக்கு இரண்டு கரை வேண்டியிருக்கிறதே என்றுதான் பொறுத்துக்கொள்கிறார்.

பத்து மணிக்கு ஓட்டல் வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. ஒன்பது ஐம்பதுக்கு எட்டிப் பார்த்தால், வெகுநேரம் காத்திருந்த முகத்தோடு இருவரும் நிற்கிறார்கள். “1798 வரை எங்கள் ஊர்க் கடிகாரமெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஓடியது” என்றார் நண்பர், அதுவே போதிய விளக்கம் என்பதுபோல. எதிரிகள் குறித்த நேரத்தில் ஊருக்குள் புகச் சதி செய்தார்களாம். காவல்காரர் மணியை மாற்றி அடிக்க, சதி குழம்பிப்போயிற்றாம்.

“அது அந்தக் கரைக் கதை” என்றார் மனைவி.

கரைக்காரர் தற்பெருமை பேசமாட்டார். அதுதான் அவருடைய தற்பெருமை. செந்நிற மணற்கல்லில் எழுந்து நிற்கிறது பெருங்கோவில். 1356 நிலநடுக்கத்தில் நொறுங்கி மறுபடி எழுந்தது. பேரறிஞர் எராஸ்மஸ் உள்ளே உறங்குகிறார். அண்ணாந்து பார்த்த என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நண்பர் ஒரு முறை பார்த்தார். “மோசமில்லை” என்றார்.

“பிரமாதம்!” என்றேன் நான்.

யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காதுமடல் சிவக்க, “ஆமாம், மோசமே இல்லை” என்றார். அது அநேகமாக அந்த வருடத்துக்கான அவருடைய புகழ்ச்சி ஒதுக்கீடு முழுவதும்.

கோவிலுக்குப் பின்னால் ஒரு மேல்தளம், கீழே ரைன். எதிர்க்கரையில் ஒரு மருந்துக் கம்பெனியின் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள், படிக்கட்டுபோல் வானத்தில் ஏறுகின்றன. உயரமானது 205 மீட்டர். “இங்கிருந்து பார்த்தால் அவர்கள் பக்கம் தெரிவது அதுதான்” என்று பெருமூச்சு விட்டார் நண்பர். “இவர்கள் கோவில் அழகாகத் தெரிய வேண்டுமானால் எங்கள் கரைக்கு வந்துதான் பார்க்கணும்” என்றார் மனைவி. பிற்பாடு போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி, நண்பரிடம் சொல்லவில்லை.

வழியில் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் திரும்பினேன். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தெருமுனை நீரூற்றுக்கு இழுத்துப்போனார்கள். அன்று அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம்.

இரண்டாவது பிக்காசோ. 1967-இல் அவருடைய இரண்டு ஓவியங்கள் அருங்காட்சியகத்தைவிட்டுக் கைமாறிப் போக இருந்தன. அவற்றை வாங்க அரசு ஆறு மில்லியன் பிராங்க் கொடுக்கலாமா என்று ஊர் மக்கள் வாக்களித்தார்கள். கொடுக்கலாம் என்று தீர்ப்பானது. நெகிழ்ந்துபோன பிக்காசோ மேலும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார். இதைச் சொல்லும்போது இருவர் குரலும் ஒன்றாயின. மூன்றாவது ஒற்றுமை சூரிச் நகரத்தைப் பற்றியது. அதை அச்சில் ஏற்ற முடியாது.

நடுப்பாலம் வந்ததும் போர் மூண்டது. அங்கே பெரிய பாசல் பக்கம் சுவரில் முடிசூடிய ஒரு தலை, சின்ன பாசலைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறது. “பழைய கடிகார வேலைப்பாடு, வேறொன்றுமில்லை” என்றார் நண்பர். மனைவி அவசரப்படவில்லை. ஜனவரியில் ஒருநாள், சின்ன பாசல் சங்கங்களின் ‘காட்டு மனிதன்’ தெப்பத்தில் ரைனில் மிதந்து வருவானாம். வழி நெடுக ஆட்டம். முகம் எப்போதும் தன் கரைக்கு, முதுகு பெரிய பாசலுக்கு.

“முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். சரியான இடம் அதற்குக் கொஞ்சம் கீழே.”

தோணியில் கடந்தோம். அதற்கு மோட்டாரே இல்லை. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தோணியைப் பிணைத்திருக்கிறார்கள், வெள்ளத்தின் தள்ளலிலேயே அது பக்கவாட்டில் நகர்ந்து அக்கரை சேர்கிறது. நம்ப முடியாத சங்கதி எதையாவது சொன்னால், “போய்த் தோணிக்காரரிடம் சொல்” என்பது அந்த ஊர் வழக்கு. அந்தத் தோணிக்குள்ளேயே தம்பதி அதை நாலு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். தோணிக்காரர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இரு கரைக்கும் பொதுவான ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மாலையில் கரைக்காரர் வேலை முடித்து நடந்து வீடு திரும்பமாட்டார். முடிந்தால் மிதந்து திரும்புவார். சட்டை, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் மீன் வடிவப் பை ஒன்றில் திணித்து, வாயை ஏழு மடிப்பு சுருட்டிப் பூட்டி, அதைக் கட்டிப்பிடித்தபடி ஆற்றில் இறங்கிவிடுகிறார்.

“நீந்தத் தெரியுமா?” என்றார்கள். கிணற்றில் கற்றவன் நான். கிணறு நம்மை எங்கேயும் கூட்டிப்போகாது என்ற வித்தியாசம் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

நீந்த அனுமதி சின்ன பாசல் கரையோரம் மட்டுமே. மனைவி எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. “முக்கியமான கப்பலெல்லாம் எங்கள் பக்கம்தான் போகும்” என்றார் நண்பர், கழுத்தளவுத் தண்ணீரில், கௌரவம் நனையாமல்.

இருவருக்கும் நடுவில் என் மீனும் நானும். வலப்பக்கம் வெயில் காயும் படித்துறை, இடப்பக்கம் சிவந்த கோபுரங்கள். பாலம் நெருங்கும்போது நண்பர் கேட்டார்: “மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், எந்தக் கரை?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரைன் உள்ளே போனது.

“எப்படி?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இருமி முடித்து, “மோசமில்லை” என்றேன்.

இரண்டு முகங்களும் மலர்ந்தன.

“எங்கள் கரைத் தண்ணீர்” என்றார் மனைவி.