பதினெட்டுக் குழி யாத்திரை

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் எங்கள் தெருவில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். நயாகரா பார்த்தாச்சா? சுதந்திர தேவி சிலை பார்த்தாச்சா? அங்கே முருங்கைக்காய் கிடைக்குதா? முதல் கேள்விக்கு நான் பேச்சை மாற்றிவிடுவேன். மூன்றாவதற்கு என் மனைவி பதில் சொல்வாள். இரண்டாவதற்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, “பார்த்தேன்” என்பேன்.

நியூயார்க்கில் இல்லை. சிகாகோ பக்கம் லிங்கன்ஷயர் என்ற ஊரில், பார்-கிங் என்கிற மினி கோல்ஃப் மைதானத்தில். தீப்பந்தம் ஏந்தியபடி அந்த அம்மாள் அங்கேயும் நிற்கிறாள். அதே மைதானத்தில் ஒரு குழிக்கு நாம் அடிக்கும் பந்து குட்டி ரோலர் கோஸ்டரில் ஏறி, சுற்றி, இறங்கி வருகிறது. நியூயார்க் சிலையடியில் இந்த வசதி கிடையாது.

கேட்டவர் முகத்தில் உடனே ஒரு பரிதாபம் படரும். அவ்வளவு செலவு பண்ணிப் போய் இந்த மனுஷன் குழந்தைகள் விளையாட்டு விளையாடிவிட்டு வந்திருக்கிறாரே என்ற பரிதாபம். அவருக்கு நான் விளக்கம் கொடுப்பேன். பெரிய கோல்ஃபுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும், கிளப் சந்தா வேண்டும், பை தூக்க ஆள் வேண்டும். அந்த ஆட்டத்தின் கடைசிக் காட்சியை மட்டும், அதாவது பந்தை உருட்டிக் குழியில் தள்ளுவதை மட்டும் வெட்டியெடுத்து, நடுவில் ஒரு காற்றாலையையோ டைனோசரையோ நிறுத்தினால் அது மினி கோல்ஃப். ஒரு மட்டை, ஒரு கலர் பந்து, பதினெட்டுக் குழி. மூட்டு வலிக்காரர்களும் ஆடலாம்.

நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். மொட்டை மாடி, வாய்க்கால், சாலை என்று எதைப் பார்த்தாலும் முதலில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்றுதான் கண் போகும். உலகத்தில் வேண்டுமென்றே வாட்டத்தைக் கோணலாகப் போட்டு, அதற்குக் காசும் வாங்குகிற ஒரே கட்டுமானத் துறை மினி கோல்ஃப்தான். தொழில் ரீதியாக எனக்கு அதில் ஈடுபாடு வந்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் என் மனைவியின் கருத்து வேறு. “மூணு கோயில் பார்க்க வேண்டிய நேரத்துல ஒரு பந்தை ஓட்டைக்குள்ள தள்ளிக்கிட்டு இருக்கார்” என்று மகனுக்கு லண்டனுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அந்த மகன்தான் ஒரு கோடையில் எங்களை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போனான். செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃபின் மூலஸ்தானமாகக் கருதப்படும் ஓல்ட் கோர்ஸ் இருக்கிறது. அங்கே ஆட ஒன்று வெகு நாள் முன்னால் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது குலுக்கலில் பெயர் வர வேண்டும், போதாததற்கு இவருக்கு ஆடத் தெரியும் என்று சான்றிதழும் வேண்டும். வேலிக்கு வெளியே நின்று தரிசனம் செய்துவிட்டுத் திரும்பினால், பக்கத்திலேயே காயப்போட்ட அப்பளம் போல மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி. பெயர் ஹிமாலயாஸ். சில பவுன் கொடுத்தால் மட்டையும் பந்தும் கொடுத்து உள்ளே விடுகிறார்கள். சான்றிதழ் கேட்பதில்லை.

அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்குவது அடக்கத்துக்கு அழகல்ல என்று ஆண்கள் தீர்மானித்திருந்தார்கள். “சரி, ஓங்கவில்லை, உருட்டிக்கொள்கிறோம்” என்று பெண்கள் 1867இல் தங்களுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் கிளப்தான் ஹிமாலயாஸை இன்றும் நடத்துகிறது. இதைக் கேட்டதும் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்துக்குக் காவல் இருந்த என் மனைவி எழுந்து மட்டையை வாங்கினாள். நாற்பது வருடம் கோலம் போட்ட மணிக்கட்டு. அந்த மேடு பள்ளத்தில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓவர்சியருக்கோ வாட்டம் நன்றாகத் தெரிந்தது, பந்துதான் சொன்னபடி கேட்கவில்லை.

இந்த விளையாட்டு ஊரெல்லாம் பரவியதற்கு ஒரு காரணம் பருத்திக்கொட்டை. புல்லை வெட்டி, தண்ணீர் விட்டு, சமமாக வைத்திருப்பது பெரும்பாடு. மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர் 1920களின் தொடக்கத்தில் பருத்திக்கொட்டைத் தொலியை மணலோடும் எண்ணெயோடும் கலந்து, பச்சைச் சாயம் ஏற்றி, தரையில் அழுத்திப் பரப்பினார். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. மதுரைக்காரர்களான நாங்கள் அதே கொட்டையில் பால் எடுத்து, சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் குடிக்கிறோம். தொலியை மாட்டுக்கு விட்டுவிட்டோம். கோடி ரூபாய் யோசனையை மாடு தின்றிருக்கிறது.

புல்லில்லாத் தரை கிடைத்ததும் ஆட்டம் சூடு பிடித்தது. 1920களின் கடைசியில் டென்னஸி, ஜார்ஜியா எல்லையிலுள்ள லுக்அவுட் மலையில் ஓட்டல் நடத்திய கார்னெட் கார்ட்டர் தன் விருந்தாளிகளுக்காக ஒரு குட்டி மைதானம் போட்டார். அதில் குள்ளர் பொம்மைகளையும் தேவதைக் கதை அலங்காரங்களையும் கொண்டுவந்து வைத்தவர் அவர் மனைவி ஃப்ரீடா. டாம் தம்ப் கோல்ஃப் என்று பெயர் வைத்து, ஊர் ஊராக உரிமம் விற்றார்கள். 1930இல் அமெரிக்கா முழுக்க சுமார் 25,000 மைதானங்கள். நியூயார்க்கில் கட்டட மொட்டை மாடிகளில் மட்டும் 150க்கு மேல். இந்த மொட்டை மாடித் தகவலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குடும்பத்தில் இதனால் ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அந்த மோகம் வந்த வேகத்திலேயே வடிந்தது. பெருமந்தக் காலம். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய டயர், பீப்பாய், மழைத்தண்ணீர்க் குழாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தடையாக வைத்துக் காலி மனைகளில் ஆட ஆரம்பித்தார்கள். பந்து குழாய்க்குள் போய் எங்கோ வெளியே வருகிற குறும்பெல்லாம் அந்த வறுமையில் செழித்தது. எனக்கு விளங்கியது இதுதான்: பெரிய கோல்ஃப் மைதானத்தில் தெரிவது பணம். நல்ல மினி கோல்ஃப் மைதானத்தில் தெரிவது யாரோ ஒரு தனி மனிதரின் பிடிவாதம்.

அதனால்தான் நான் தேடுவதற்குச் சில இலக்கணங்கள் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்தே எரிமலை தெரிகிறதா, நீலச் சாயம் கலந்த அருவி கொட்டுகிறதா, அது முதலாளிகளின் மைதானம். தென் கரோலினாவில் மர்ட்டில் பீச் என்ற கடற்கரை ஊரில் இப்படிப் பத்துப் பத்தாக இருக்கின்றன. நெருப்புக் கக்கும் எரிமலையும் கடற்கொள்ளையர் கப்பலும் பேரப்பிள்ளைகளுக்கு நல்லது. எனக்கு வேண்டியது வேறு. சாலையோரத்தில் சிமென்ட் டைனோசர் நிற்க வேண்டும். அதன் பற்கள் ஒன்றுக்கொன்று சேராமல் இருக்க வேண்டும். வருடா வருடம் யாரோ அதற்குத் தானே பெயின்ட் அடித்திருப்பது தெரிய வேண்டும். மட்டையை எடுத்துக் கொடுப்பவரே உரிமையாளராக இருந்து, கேட்காமலே கதை சொல்ல வேண்டும். இத்தனையும் பொருந்தினால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

இந்த ஜாதி மைதானங்களின் பிதாமகர் லீ கோப்ளின். 1959இல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கூஃபி கோல்ஃப் என்று ஒன்று கட்டினார். ஸ்பிங்க்ஸும் டைனோசரும் ஒரே காம்பவுண்டுக்குள். வரலாறு எந்த ஒழுங்கில் நடந்தது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. அவருக்கு நேர் எதிர் டான் கிளேட்டன். 1954இல் வட கரோலினாவின் ஃபயெட்வில்லில் பட்-பட் என்ற மைதானத்தைத் தொடங்கிய அவருக்குக் காற்றாலை என்றாலே ஆகாது. எல்லாக் குழியும் இரண்டே அடியில் முடிய வேண்டும், இது திறமை ஆட்டம் என்பது அவர் கொள்கை. ஓவர்சியர் என்ற முறையில் கிளேட்டனை மதிக்கிறேன். மனிதன் என்ற முறையில் கோப்ளின் பக்கம்தான் நிற்பேன்.

கிளேட்டனையும் மிஞ்சியவர்கள் ஐரோப்பியர்கள். பால் போங்னி என்பவர் குழிகளுக்கு அளவு வகுத்து, 1954இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் அப்படியொரு மைதானம் திறந்தார். எந்த ஊரில் கட்டினாலும் ஒரே அளவு, ஒரே தடை. அங்கே ஆடும் போட்டிக்காரர்கள் பை நிறையப் பந்துகளோடு வருகிறார்கள். ஒன்று துள்ளும், ஒன்று துள்ளவே துள்ளாது, ஒன்று கனம், ஒன்று மென்மை. பந்தின் சூடு மாறினால் துள்ளலும் மாறும் என்று குளிரவைத்தும் கதகதப்பாக வைத்தும் பாதுகாக்கிறார்கள். பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டே அடி என்பது அவர்களுடைய முக்தி நிலை. பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர வேண்டிய இடம். நம்மால் ஆகாது.

இத்தனை தேடலில் என் குடும்ப வாழ்க்கையை உண்மையாகவே உலுக்கிப் பார்த்தது இல்லினாய் மாநிலத்தின் பாலட்டைனில் இருக்கும் மைதானம்தான். ஒன்பதே குழி. கட்டணம் இல்லை. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போனால் போதும். ஒரே ஒரு விசேஷம், அது இருப்பது ஆல்கிரிம் குடும்பத்தாரின் ஈமச்சடங்கு இல்லத்தின் நிலவறையில். இறந்தவர்களை அலங்கரித்து உறவினர் பார்வைக்கு வைக்கும் இடம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் 1960களில் கீழ்த்தளத்தில் பொழுதுபோக்காகக் கட்டியது, இன்றும் இருக்கிறது. மண்டையோடு, கல்லறைக் கல், சவப்பெட்டி என்று தடைகளெல்லாம் தொழிலுக்குப் பொருத்தமாக. குழி என்பது அவர்களுக்குப் பரம்பரையாக வந்த சங்கதிதானே.

“என்னங்க, எழவு வீட்டுலயா போய் விளையாடப் போறீங்க?” என்றாள் மனைவி.

“எழவு வீடு இல்லடி. எழவு வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவுல.”

“எதுவா வேணா இருக்கட்டும். தலை முழுகாம உள்ள காலை வைக்கக் கூடாது.”

மாப்பிள்ளை பாவம், இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தார். “மாமா, சிகாகோல ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கு, மோனே படமெல்லாம் இருக்கு” என்று பார்த்தார். நான் வண்டியில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அங்கே ஒரு விதி உண்டு. மேலே யாரையாவது பார்வைக்கு வைத்திருந்தால் கீழே ஆட்டம் கிடையாது. பந்து உருளும் சத்தமும் சிரிப்பும் மேலே கேட்டுவிடக் கூடாது. அன்று மேலே யாரும் இல்லை. கீழே நான் சவப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கட்டியவர் கிண்டலுக்காகக் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்க அழுகையைப் பார்க்கும் ஒரு குடும்பம், அதே கூரைக்குக் கீழே சிரிப்புக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறது. நம் ஊரிலும் கல்யாணச் சாவு என்றால் பறையும் ஆட்டமும் உண்டே. இதை வீட்டுக்கு வந்து விளக்கமாகச் சொன்னேன். மனைவி கராஜ் வாசலில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். நவம்பர் மாதம். விளக்கம் எடுபடவில்லை.

ஆனால் அவளே எனக்காக வாதாடிய கதையும் உண்டு. 2019 கோடையில் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் தேவாலயத்தில், நடுக்கூடத்திலேயே, ஒன்பது குழி மினி கோல்ஃப் போட்டார்கள். கி.பி. 604இல் தொடங்கிய திருச்சபை அது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பாலத்தின் மாதிரி. பிள்ளைகள் பாலம் கட்டும் நுட்பத்தைக் கற்றுக்கொள்ளட்டும், அப்படியே தேவாலயத்துக்குள்ளும் ஓர் எட்டு வரட்டும் என்பது எண்ணம். வழிபாட்டு இடத்தில் விளையாட்டா என்று பத்திரிகைகளில் சண்டை. மகன் அதைப் படித்துக் காட்டினான். என் மனைவி முகத்தைச் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“இதுக்கு என்ன சண்டை? நம்ம கோயில் கல் தரையில ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கி வச்சிருக்கே, பார்த்ததில்லையா? சாமி எதிர்ல ஆடலாம். பொணத்துக்குக் கீழதான் ஆடக் கூடாது.”

இதை எந்தத் திருச்சபை அறிஞரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இப்போது அந்த மொட்டை மாடி விஷயம். நியூயார்க்காரர்கள் 150 மாடியில் செய்ததை மதுரையில் ஒரு மாடியில் செய்ய முடியாதா? வரைபடம் போட்டுவிட்டேன். முதல் குழி தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். இரண்டாவது, யாரும் தொடாத ஆட்டுக்கல்லைச் சுற்றி. மூன்றாவதில் பந்து பழைய பிவிசி குழாய்க்குள் போய் மாடிப்படிப் பக்கம் வெளியே வரும். மழைத்தண்ணீர் போகக் கட்டிய வாட்டம் ஏற்கனவே இருக்கிறது, அதையும் நான்தான் நின்று போடவைத்தேன். காற்றாலைக்குப் பழைய மேசை விசிறி.

மனைவி வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவது குழி கொடிக் கம்பத்துக்கு ரொம்பப் பக்கம் என்றாள். ஆறாவதில் வாட்டம் தப்பாகப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னாள், அது சரிதான். பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தாள். பாலட்டைனில் மேலே ஆள் இருந்தால் ஆட்டம் நிறுத்தம். மதுரையில் மாடியில் வடாம் காய்ந்தால் ஆட்டம் நிறுத்தம். மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரை மைதானம் மூடப்பட்டிருக்கும். மற்ற மாதங்களில் முன்கூட்டியே போன் செய்துவிட்டு வரவும், கட்டணம் இல்லை.