உள்ளூர்க்காரர் என்ற சலுகை

மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் சத்யா நாதெள்ளா ஹைதராபாத்தில் பிறந்தவர். அந்த ஊரின் கச்சிபௌலியில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய வளாகமும் உண்டு. சம்பந்தி வீடு பக்கத்துத் தெருவில் என்றால் சீர் கூடவா வரும்? விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் இந்த ஊர்க் கணினியும் மற்ற ஊர்க் கணினிகளைப் போலவே முக்கி முனகுகிறது.

சிகந்தராபாத் செனாய் டிரேட் சென்டரின் கணினிக் கடைகளுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். வைரஸ் இல்லை, கண்ணேறும் இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் தேடல் அட்டவணையைத் திரும்ப எழுதுகிறது, கோப்புகளைச் சோதிக்கிறது. நம்மைக் கேட்டுச் செய்யும் வழக்கம்தான் இல்லை.

முனகலுக்கு ராம் பற்றாக்குறையும் ஒரு காரணம். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம் போதும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. நிரம்பி வழியும் ஷேர் ஆட்டோவில் ஓட்டுநர் “இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம்” என்பாரே, அந்தக் கணக்கு.

டிஸ்க்கின் திணறல் குறைய, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். இப்போதைக்கு முடியாதென்றால், அப்டேட் போட்ட இரவு சார்ஜரைச் செருகி, கணினியை அணைக்காமல் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.