பதினொரு மணிக்கு ஒரு ஸ்கூப்

கேள்வி: காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டால் அடுத்து மதியம் ஒன்றரைக்குத்தான். நடுவில் உடம்பு மசிலைத் தின்ன ஆரம்பித்துவிடும், பதினொரு மணிக்கு அமினோ பவுடர் ஒரு ஸ்கூப் போடு என்கிறார் ஜிம் மாஸ்டர். போடலாமா?
– ஜிம் பிரியர், திருப்பூர்

பதில்: ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு இட்லித் தட்டின் முன்னால் உட்காரும்போது கை கால் அப்படியேதானே இருக்கிறது, தம்பி? பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டி வந்த மசில் ஐந்தரை மணி நேரத்துக்கு அஞ்சாது.

உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதத்தைப் பிரிப்பதும் திரும்பக் கட்டுவதுமாகவே இருக்கிறது. வயிறு காலியாக இருக்கும்போது பிரிப்பது மிஞ்சும், சாப்பிட்ட பிறகு கட்டுவது மிஞ்சும். நாள் கணக்கு நேரானால் மசிலுக்குச் சேதம் இல்லை. காலையில் முட்டையோ பருப்போ சேர்த்துச் சாப்பிட்டிருந்தால், பதினொரு மணிக்கும் அதிலிருந்து அமினோ அமிலங்கள் ரத்தத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

உங்கள் மாஸ்டர் சும்மா சொல்லவில்லை. புரதம் உள்ளே போனதும் தசை கட்டும் வேலை வேகம் பிடித்து, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், ரத்தத்தில் அமினோ அமிலம் மிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. இறங்கியதை மறுபடி கிளப்ப நடுவில் ஒரு ஸ்கூப் என்ற யோசனை அங்கிருந்துதான் பாடி பில்டர்களுக்குப் போனது. ஆனால் 2023-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள், உடற்பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தசை அதை எடுத்துக் கட்டிக்கொண்டே இருந்தது. மொத்தமாக வந்தாலும் வீணாக்காத உடம்புக்கு மணி பார்த்து ஊட்ட வேண்டியதில்லை. மூன்று வேளையும் நிறைவாகச் சாப்பிடுங்கள், மாலையில் எடை தூக்குங்கள்.

கேள்வி: பி.சி.ஏ.ஏ. டப்பாவில் ‘2:1:1’ என்று போட்டிருக்கிறது. பக்கத்து ரேக்கில் ‘10:1:1’ இருக்கிறது, விலையும் கூட. எது நல்லது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இரண்டையும் ரேக்கிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தசை கட்ட 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பி.சி.ஏ.ஏ. டப்பாவில் இருப்பது அந்த ஒன்பதில் மூன்று மட்டும்: லூசின், ஐசோலூசின், வேலின். இதில் லூசின்தான் மேஸ்திரி. காலையிலேயே வந்து, “வேலையை ஆரம்பிங்கப்பா” என்று குரல் கொடுக்கிறார். சைட்டிலோ செங்கல் இறங்கவில்லை. வேலை நடந்தாக வேண்டும் என்றால், கட்டி முடித்த சுவரை இடித்துத்தான் செங்கல் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் பி.சி.ஏ.ஏ. குடித்தால் நடப்பது இதுதான். மீதி ஆறு அமிலங்களும் ஏற்கெனவே இருக்கும் தசையைப் பிரித்துத்தான் வந்தாக வேண்டும். மசிலைக் காப்பாற்றக் குடிக்கிற தண்ணீருக்கு மசிலே மூலப்பொருள் கொடுக்கிறது! 10:1:1 என்றால் மேஸ்திரியின் குரல் இன்னும் பெரிது, அவ்வளவுதான். இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் உழைத்த அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் வுல்ஃப், பி.சி.ஏ.ஏ. மட்டுமே மனிதத் தசையை வளர்க்கும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று 2017-ல் எழுதினார்.

ஒன்பதும் சேர்ந்த இ.ஏ.ஏ. பவுடரின் கதை வேறு. அதற்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: ஷேக்கரில் எவ்வளவு குலுக்கினாலும் பவுடர் மேலே மிதக்கிறது, கசக்கிறது. போலியா?
– வாசகி, சேலம்

பதில்: மிதப்பதும் கசப்பதும் லூசினின் குணம். தண்ணீரோடு அவ்வளவு லேசில் ஒட்டாது. நிமிடத்தில் கரைகிறது என்றால் கரைவதற்கென்று லெசித்தின் போன்ற ஏதோ ஒன்று சேர்த்திருக்கிறார்கள், அதுவும் தப்பில்லை. போலியா என்று பார்க்க டப்பாவைத் திருப்புங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். எந்த அமிலம் எத்தனை கிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். ‘ஸ்பெஷல் பிளெண்ட்’ என்று மொத்தமாக ஒரே எண் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: எடை குறைக்கிறேன். கொழுப்போடு மசிலும் போய்விடக் கூடாது. நடு நடுவே அமினோ குடித்தால் காப்பாற்றலாமா?
– இல்லத்தரசி, கோவை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்குவது உண்மை. அதைத் தடுப்பவை இரண்டு: எடை தூக்கும் பயிற்சியும், நாள் முழுவதற்குமான புரதத்தின் அளவும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்குக் கலோரியை 40 சதவீதம் வெட்டி, நான்கு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. எடைக்குக் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குத் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை 1.2 கிலோ கூடியது. பாதி அளவு, அதாவது 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. அந்த இரண்டாவது வரியைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 கிராம், சமையலறையிலேயே கிடைக்கிற அளவு.

ஓட்டை நம் காலைச் சாப்பாட்டில் இருக்கிறது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் 10 கிராமைத் தொடுவதே பெரிய விஷயம். கூட இரண்டு முட்டை வையுங்கள், 12 கிராம் ஏறும். சைவமா? சட்னியைக் குறைத்துப் பருப்பு கெட்டியாக விழுந்த சாம்பாரும், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் வையுங்கள். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்பதும் நிறைகிறது.

கேள்வி: சஷ்டி விரதத்தில் பி.சி.ஏ.ஏ. கலந்த தண்ணீர் குடித்தால் விரதம் முறியுமா?
– முருக பக்தர், பழனி

பதில்: அமினோ அமிலம் உணவுதான். கிராமுக்குச் சுமார் 4 கலோரி உண்டு, இன்சுலினையும் கிளப்பும். தண்ணீரோ இளநீரோ போதும், ஒரு நாளில் மசில் எங்கும் போய்விடாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, மூன்று வாரமாகப் படுக்கை. இரண்டு கரண்டி சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும். காலைப் பார்த்தால் குச்சியாகிவிட்டது. இந்த அமினோ பவுடர் அவருக்கு உதவுமா?
– மகள், தஞ்சாவூர்

பதில்: உதவும், அம்மா. இந்தப் பவுடர் யாருக்காகச் சோதிக்கப்பட்டதோ அவர்களில் ஒருவர் உங்கள் தாயார். ஜிம் வாசலில் விற்கும் பொருள் அவர் கட்டில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது.

அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஆரோக்கியமான இளைஞர்களை 28 நாள் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். 2004-ல் வந்த ஆய்வு இது. ஒரு குழுவுக்குச் சாப்பாடு மட்டும். இன்னொரு குழுவுக்கு, சாப்பாட்டுக்கு நடுவே தினம் மூன்று முறை 16.5 கிராம் அத்தியாவசிய அமினோ அமிலமும் 30 கிராம் மாவுச்சத்தும். முதல் குழுவுக்குக் காலில் சுமார் 400 கிராம் தசை போனது, இரண்டாவது குழுவுக்குப் போகவில்லை. பலம் இரண்டு குழுவுக்கும் குறைந்தது. பவுடர் குடித்தவர்களுக்கு அந்தக் குறைவு பாதிதான்.

வயதானவர்களின் கதி இதைவிட மோசம். 2007-ல் வெளியான ஆய்வில், சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமானவர்கள் பத்தே நாள் படுத்ததில் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு மூன்று வாரம், அறுவை சிகிச்சை வேறு. ஆகவே இதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

நடுவேளையில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பசி இல்லாதவருக்குத் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தால் தட்டையே தள்ளிவிடுவார். கால் டம்ளர் தண்ணீரில் கரைந்த அமினோ வயிற்றை அடைக்காது, அடுத்த வேளைச் சாப்பாட்டின் பலனையும் கெடுக்காது. ஒன்பது அமிலங்களும் உள்ள இ.ஏ.ஏ.தான் வேண்டும். கசப்பு பிடிக்கவில்லை என்றால் வே புரோட்டீன் கொடுக்கலாம், அதில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒன்பதுதான். கடைக்குப் போக நேரமில்லையா? 200 மில்லி பாலில் மூன்று டேபிள்ஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலக்குங்கள், சுமார் 14 கிராம் புரதம் ஆகிவிடும்.

கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: கிரியேட்டினின் எவ்வளவு, கல்லீரல் எப்படி, விழுங்குவதில் சிக்கல் உண்டா. கிட்னி பழுதானவருக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை இருந்தால் அந்த ஆய்வின் 30 கிராம் மாவுச்சத்தைக் காப்பியடிக்காதீர்கள். மொத்த அளவுக்கு, முதியோர் மருத்துவ வல்லுநர்களின் சர்வதேசக் குழு 2013-ல் சொன்னது, நோயுற்ற முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ என்றால் 60-க்குக் குறையாமல்.

படுத்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், தொடையை இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். எப்போது உட்கார வைக்கலாம், எப்போது வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டை இந்த வாரமே வரவழைத்துக் கேளுங்கள். பயிற்சி முடிந்த கையோடு அந்த டம்ளரை நீட்டுங்கள். வேலை செய்த தசை அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாலு வாரம் கழித்து அம்மா எத்தனை அடி நடந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.