‘இப்பந்தான் ஓடிச்சு, சாரே!’: வேலை செய்யும் மாதிரிகளின் கால இலக்கணம்

பள்ளி அறிவியல் விழாக்களில் ‘வொர்க்கிங் மாடல்’ என்று ஒரு போட்டி உண்டு. தமிழில் அதற்கு ‘வேலை செய்யும் மாதிரி’ என்று பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும். இந்தத் தொடருக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். வேலை செய்கிற ஒரு மாதிரி என்பது ஒன்று. வேலை செய்கிற மாதிரி, அதாவது செய்வதுபோல, என்பது மற்றொன்று. அறிவியல் விழா மேசைகளுக்கு நடுவே ஒரு முற்பகல் நடந்து பார்த்த எவருக்கும் இரண்டாவது பொருளே ஆசிரியர் கருத்து என்பதில் ஐயம் இராது.

இன்னும் கொஞ்சம் நுணுகலாம். ‘செய்த’ இறந்தகாலப் பெயரெச்சம், ‘செய்கின்ற’ நிகழ்காலம், ‘செய்யும்’ எதிர்காலம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே ஒப்பிக்கும். நிகழ்காலத்துக்கென்று ஆநின்று, கின்று, கிறு என மூன்று இடைநிலைகளை நன்னூல் எடுத்துவைத்திருக்கிறது. மூன்றில் ஒன்றைக்கூட இந்தத் தொடர் தொடவில்லை. ஆக, மாதிரி இப்போது வேலை செய்கிறது என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. செய்யும். என்றைக்காவது. இந்தச் சிற்றாய்வின் கருதுகோளும் அதுவே: வேலை செய்யும் மாதிரிக்கு இறந்தகாலம் உண்டு, எதிர்காலம் உண்டு, நிகழ்காலம் மட்டும் கிடையாது.

ஆய்வுக்களம் கேரளத்தின் தென்கோடி. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, எல்லை தாண்டினால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பேச்சு மட்டும் எந்தப் பக்கமும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. மாதிரி ஓடாததற்கான ஒரே சாக்கை இரண்டு மொழியில் கேட்கலாம் என்பதுதான் இந்த நிலப்பகுதியைத் தேர்ந்ததற்கான முறையியல் காரணம். கேரளத்தில் இந்த விழாவுக்கு ‘சாஸ்த்ரோத்சவம்’ என்று பெயர். பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று நான்கு படி. பாலராமபுரமும் பாறசாலையும் தனித்தனி உபஜில்லாக்கள். வொர்க்கிங் மாடலுக்குப் பக்கத்திலேயே ‘ஸ்டில் மாடல்’ என்று இன்னொரு போட்டி நடக்கும். அசையாமல் நிற்பதே அதற்கு இலக்கணம். பிற்பகலில் இரண்டு வரிசைக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

நடுவர் வந்து, “எந்தா மோனே, ஓடுமோ?” என்று கேட்பார். விடை எப்போதும் ஒன்றுதான். “இப்பந்தான் ஓடிச்சு, சாரே!” மலையாள வீட்டுப் பிள்ளையானால், “இப்போ ஓடியதாணல்லோ சாரே.” பாலராமபுரம் நெசவுத் தெருப் பிள்ளையானால், “இப்பத்தான் ஓடுனுது சார்.” மூன்று பாடபேதங்களிலும் காலம் மாறவில்லை, இறந்தகாலமே. அடுத்த நொடியில் கூட்டாளி மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி, “ரெண்டே நிமிசம் சாரே, சரியாக்கித் தாறேன்” என்பான். இது எதிர்காலம். 1988-இல் வந்த ‘வெள்ளானகளுடெ நாடு’ படத்தில் குதிரவட்டம் பப்பு இதே வாக்கைச் சொல்லி ஒரு ரோடு ரோலரைப் பழுதுபார்க்கும் காட்சி கேரளத்தில் பழமொழிக்குச் சமமாக நிலைத்துவிட்டது. இந்த எதிர்காலத்தின் இலக்கணம் முழுவதும் அந்தக் காட்சியில் அடங்கியிருக்கிறது.

நிகழ்காலம் எங்கே தொலைகிறது என்பதைத்தான் இனி ஆராய வேண்டும். அதற்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம்: வண்டி வந்தால் தானாகத் திறக்கும் கேட். தெர்மாகோல் மதில், பச்சைச் சாயம் பூசிய மரத்தூள் புல்வெளி, ஐஸ்குச்சியால் செய்த கேட், முன்னால் ஒரு பொம்மைக் கார். கேரளப் பள்ளிகளுக்கு இதன் உறுப்புகள் அரிய பொருட்கள் அல்ல. 2018 ஜனவரியில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் 2000 பள்ளிகளுக்கு 9000 ரோபோட்டிக் கிட்டுகள் போயின. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் கட்டாயம் ஆனது. அந்த ஆண்டு சுமார் 4.3 லட்சம் பிள்ளைகளுக்கு அது பாடமாயிற்று. கிட்டுக்குள் ஆர்டுயினோ போர்டு, எல்.இ.டி, சின்ன சர்வோ மோட்டார், ஐ.ஆர். சென்ஸார், பஸ்ஸர், பிரெட்போர்டு, ஒரு கொத்து ஜம்பர் வயர்.

ஆர்டுயினோ பற்றி ஓர் அடிக்குறிப்பு தேவை. அதைக் கட்டுரைக்குள்ளேயே சேர்த்துவிடலாம். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் பிறந்த இந்தப் போர்டுக்கு, அதைச் செய்தவர்கள் கூடிப் பேசிய மதுக்கடையின் பெயரை வைத்தார்கள். கடைக்கோ 1002 முதல் 1014 வரை இத்தாலியின் மன்னராக இருந்த ஆர்டுயினின் பெயர். பாலராமபுரமும் அப்படித்தான்; 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். ராஜா பெயர் கொண்ட ஊருக்கு ராஜா பெயர் கொண்ட பலகை வந்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தால் கேட் திறக்கிறதா என்றால், இல்லை.

ஏன் திறக்கவில்லை? கேட்டைத் தூக்கும் எஸ்.ஜி.90 சர்வோவின் எடை 9 கிராம்தான். ஆனாலும் பாரம் தூக்கும் நொடியில் அது கரண்டை மடமடவென்று குடிக்கும். சர்வோவுக்குத் தனி பேட்டரி வைக்காமல் ஆர்டுயினோவிலிருந்தே இணைப்புக் கொடுத்தால், போர்டுக்கு வர வேண்டிய வோல்டேஜ் சரியும். போர்டு மயங்கி விழும். எழுந்ததும் புரோகிராமை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும். முதல் வரி, கேட்டை மூடு. மூடியபின் காரைக் காணும், திறக்கப் போகும், மறுபடி மயங்கும். கேட் வேலியோணான்போல் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். பெட்டிபோன்ற 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் நிலைமை இன்னும் மோசம்; கொஞ்சமாகக் கரண்டு தின்று பல மாதம் கிடக்கும் கருவிகளுக்கே அது ஏற்றது, மோட்டாருக்கு அல்ல.

இதைத் தாண்டினால் வெயில் காத்திருக்கிறது. ஐ.ஆர். சென்ஸார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். எதிரே பொருள் இருந்தால் கதிர் பட்டுத் திரும்பும். வெள்ளைப் பரப்பு நன்றாகத் திருப்பி அனுப்பும், கரி நிறப் பரப்பு விழுங்கிவிடும். வீட்டில், முந்தின இரவு பதினொரு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அது பொய்யல்ல, “இப்பந்தான் ஓடிச்சு” என்பதன் வரலாற்று அடிப்படை அந்த இரவுதான். விழாவில் கிடைத்த மேசையோ ஜன்னலோரம். சூரிய ஒளியில் அகச்சிவப்புக்குப் பஞ்சமில்லை. சென்ஸார், எதிரே எப்போதும் எவரோ நிற்பதாகவே நம்பிவிடுகிறது. கேட் திறந்தபடி கிடக்கும். பிள்ளைகள் இதற்கு உடனே ஓர் உரை எழுதிவிடுவார்கள்: “இது பகல்நேர மோடு, சாரே.”

சென்ஸாரின் முதுகில் நீலநிறக் குமிழ் ஒன்று உண்டு. அதன் நடுவே பொடித் திருகு. அதைத் திருப்பினால் கூச்சம் குறையும். திருப்புளி அந்த அளவில் கிடைக்காது. சேஃப்டி பின், காம்பஸ் முனை, ஒருமுறை மோதிரம்கூடப் பயன்பட்டிருக்கலாம். காலை வெயிலுக்கு ஏற்பத் திருப்பி வைத்தாயிற்று. இந்தப் பகுதியில் உபஜில்லா விழாக்கள் பெரும்பாலும் துலாவர்ஷக் காலத்தை ஒட்டி வரும். காலையில் கண்கூசும் வெயில் அடிக்கும், மதியத்துக்குமேல் அகஸ்தியமலைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து இடிக்கும். நடுவர் வந்து சேரும்போது மேகமும் வந்து சேரும். சென்ஸாருக்குக் குருட்டுக்கண். ஆக, மாதிரியின் நிகழ்காலத்தைத் தின்பதில் வடகிழக்குப் பருவமழைக்கும் பங்குண்டு என்று துணியலாம்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. இந்தத் துறைக்குத் தமிழில் ‘பொறியியல்’ என்று பெயர் வைத்தார்கள். பொறி என்றால் எந்திரம். ஐம்பொறி என்னும்போது கண், காது முதலிய புலன் வாயில், அதாவது சென்ஸார். தீப்பொறி என்னும்போது நெருப்புத் துளி. எலிப்பொறி என்னும்போது மாட்டிக்கொண்டால் மீளமுடியாத சங்கதி. வேறெந்தப் பாடத்துக்கும் பெயரிலேயே பாடத்திட்டம் முழுவதும் அடங்கியதில்லை. முதலில் பிள்ளைக்குப் பொறி தட்டுகிறது, பொறி செய்கிறான், பொறி வேலை செய்யவில்லை, பேட்டரியின் இரண்டு முனையும் தொட்டுப் பொறி பறக்கிறது, நடுவர் முன்னால் பொறியில் அகப்படுகிறான்.

போக்குவரத்தும் தனி இயல். வீட்டு மேசையிலிருந்து விழா மேசைவரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவதற்குள் ஜம்பர் வயர்களில் மூன்று கழன்றுவிடும். எந்த மூன்று என்பதே அன்றைய ஆராய்ச்சி. ஆனால் பிள்ளைகள் நாணவேண்டியதில்லை. இதே ஜில்லாவின் தும்பாவில் ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சியை ஏவவேண்டிய வேளையில், அதைத் தூக்கும் கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. எல்லாரும் சேர்ந்து தோள் கொடுத்துக் கையால்தான் தூக்கி ஏவுதளத்தில் வைத்தார்கள் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அந்தக் கிரேனும் கொஞ்சநேரம் முன்புவரை ஓடிக்கொண்டிருந்ததுதான்.

ஹைட்ராலிக் என்றதும் ஊசி ஜே.சி.பி. நினைவுக்கு வராமல் போகாது. மருந்துக்கடை சிரிஞ்சுகள், குளுக்கோஸ் டியூப், நீலம் கலந்த தண்ணீர், அட்டைக் கை. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதியில் ஓடுகிறது. டியூபில் ஒரு காற்றுக்குமிழ் புகுந்துவிட்டால் தீர்ந்தது: தண்ணீர் நசுங்காது, காற்று நசுங்கும். தள்ளுகிற விசையைக் குமிழே தின்றுவிட, கை மண்வெட்டியைப் பாதியில் தூக்கியபடி யோசனையில் ஆழ்ந்துவிடும். மின்சாரம் இல்லாததால் இந்த வகை ஓரளவு நிகழ்காலத்துக்கு அருகில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிப்பியல் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மாதிரியின் ஆசிரியர் யார்? போட்டிக்கு இரண்டு பிள்ளைகளின் பெயர் கொடுத்திருப்பார்கள். ஆனால் சில இடங்களில் நடை மாறுகிறது. ஐஸ்குச்சி கோணலாக ஒட்டியிருக்க, அதன்கீழே சால்டரிங் மட்டும் முத்துக் கோத்ததுபோல் இருந்தால், அது அப்பாவின் இடைச்செருகல். மதிலோரம் பூந்தொட்டிகளின் வண்ணச் சேர்க்கை அம்மாவின் கை. முடிச்சுப் போட்ட வயரின்மேல் சுற்றிய இன்சுலேஷன் டேப்பின் அளவுமீறிய தாராளம் தாத்தாவைச் சுட்டுகிறது. “நாங்களே செஞ்சது” என்ற பாயிரத்தை மட்டும் அப்படியே ஏற்பது ஆய்வு நெறி அல்ல. ஆனாலும் எது கழன்றால் எது நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் மூலநூல் பிள்ளையுடையதே என்று கொள்ளலாம். சால்டரிங் போட்டவருக்கு அது தெரியாது.

எதிர்ச்சான்று ஒன்றை மறைக்க முடியாது. பாலராமவர்மா காலத்தில் திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில் நெல்லை, நாஞ்சில் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய சாலிய நெசவாளர் தெருக்களில், விழா மேசைக்கு எட்டுகிற தூரத்தில், குழித்தறிகள் இருக்கின்றன. குழிக்குள் கால், மிதிகட்டை, விழுது, அச்சு, கையால் எறியும் நாடா. ஒரு மிதிக்குப் பாவில் பாதி நூல் மேலே போகும், மறு மிதிக்கு மறுபாதி. மேல், கீழ், ஒன்று, பூஜ்யம். எல்.இ.டி.யை மினுக்க வைக்கும் முதல் பாடத்தில் ஆர்டுயினோ செய்வதும் இதைத்தான். 1733-இல் ஜான் கே இங்கிலாந்தில் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார்; அதைக்கூட இந்தத் தெருவின் மரபான தறி பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நூல் அறும். நெசவாளி குனிந்து முடிந்துவிட்டு மேலே நெய்வார். இப்பந்தான் ஓடிச்சு என்று எவரிடமும் சொல்வதில்லை. தமிழின் கிறு, கின்று எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் தறிக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. கேட்டுக்குப் பின்னால் இருப்பது நேற்று இரவு மட்டும்.

கருதுகோளுக்கு வலுவான சான்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிடைக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம். அதில் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் பங்கேற்று உருவாக்கிய ‘ஆசாதிசாட்’ செயற்கைக்கோள் இருந்தது. மதுரை அருகே திருமங்கலத்துப் பெண்களும் அதில் உண்டு. இரண்டாம் கட்டம் பிரியும்போது அதிர்ச்சியில் முடுக்கமானிகள் சிறிது நேரம் தடுமாறின. ராக்கெட்டின் மூளை, சென்ஸார்கள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி வேறு வழிக்கு மாறிற்று. 356 கிலோமீட்டர் வட்டத்தில் நிற்கவேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர்வரை தாழ்கிற நீள்வட்டத்தில் விழுந்து, பயனற்றுப் போயிற்று. ஜன்னலோர வெயிலில் ஐ.ஆர். சென்ஸார் ஏமாந்ததற்கும் இதற்கும் இனம் ஒன்றே, செலவு வேறு. 2023 பிப்ரவரி 10-இல் ‘ஆசாதிசாட் 2’ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் பிடித்தது. இஸ்ரோவுக்கு அந்த ஆறு மாதத்தை எவரும் மறுக்கவில்லை. விழா மேசைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

ஆகவே நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரி நின்றுபோயிருந்தால் மதிப்பெண் தாளை மூடாதீர்கள். அடுத்த மேசைக்குப் போய்விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். வரும்போது ஜன்னலை ஒரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள், மேசையில் முட்டாதீர்கள். முடிந்தால் தோளில் பாலராமபுரம் வெள்ளை நேரியது ஒன்று போட்டுக்கொண்டு வந்து, கேட்டுக்கு எதிரே கொஞ்சம் குனியுங்கள். வெள்ளைத் துணியைச் சென்ஸாருக்கு நன்றாகத் தெரியும்.